விடிந்தால் ஏறும் பளபளப்பு

இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை, அந்த மெல்லிய உப்புத்தாளை, தண்ணீரில் முக்கி முக்கி, வீரம்மாள் அந்தக் கறுப்பு பேனலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது பேட்டரி ஸ்கூட்டரின் முன்பக்கத்து பிளாஸ்டிக் அது. லாரியிலிருந்து இறக்கும்போது வண்டி சாய்ந்து, சிமென்ட் தரையில் உரசி, முழ நீளத்துக்குக் கீறல் விழுந்திருந்தது. காலையில் எண்ணூறு நம்பரில் தொடங்கியவள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைசி பேப்பருக்கு வந்துவிட்டாள். கீறல் போயிருந்தது. கூடவே கறுப்பும் போய், பேனல் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

இந்திரா நகர் மெயின் ரோட்டிலிருந்த ஷோரூமின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழே அவள் குந்தியிருந்தாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏ.சி., பலூன். பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு குழாய், வீரம்மாள். மேனேஜர் அருண்குமார் கதவைத் திறந்துகொண்டு வந்து பேனலைப் பார்த்தான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த முப்பது வயதுப் பையன். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டான்.

"என்னம்மா இது? கீறலே பரவாயில்ல போல இருக்கே. மொத்தமா வெளுத்துப்போச்சு."

"இப்ப அப்டித்தான் சார் இருக்கும். இன்னும் பாலிஷ் ஏத்தல."

"அதுக்குப் பாலிஷ் காம்பவுண்டு எதாவது வாங்கணுமா?"

"வேணாம் சார். எல்லாம் நானே கொண்டாந்துருக்கேன்."

கம்பெனியிலிருந்து வேறு பேனல் வர இருபது நாள் ஆகும். வண்டிக்குச் சொந்தக்காரர் நாளை, வெள்ளிக்கிழமை, பத்தரை மணி ராகுகாலத்துக்கு முன்னால் டெலிவரி எடுக்க வருகிறார். அதனால்தான் அருண்குமார் அவளைக் கூப்பிட்டனுப்பியிருந்தான். இந்த ஒரு பேனலை அவள் சரியாகச் செய்துவிட்டால் பாலிஷ் வேலைக்கு ஷோரூமிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சம்பளம் அவள் இப்போது பட்டறையில் வாங்குவதுதான். ஆனால் இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. வீரம்மாளின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது.

அவள் புருஷன் வைத்திலிங்கம் பதினோரு வருஷம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவன். கன்வேயருக்கு அடியில் விழுகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. போன மாசியில் ஷிப்டிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். கூட இருந்தவர்கள் தூக்கிவந்தார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் மாறினார். புது லிஸ்டில் எல்லார் பெயரும் இருந்தது, வைத்திலிங்கத்தின் பெயர் மட்டும் டைப் அடிக்கும்போது விட்டுப்போய்விட்டதாம். விட்டுப்போன பெயரை எங்கே போய்ச் சேர்ப்பது என்று நாலு ஆபீஸில் கேட்டாள். நாலு பேரும் அடுத்த ஆபீஸைக் கை காட்டினார்கள். மாத்திரையை இலவசமாக வாங்கித்தந்த அவனுடைய இ.எஸ்.ஐ. கார்டும் இந்த மாதத்தோடு செத்துப்போகும். வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீரம்மாள் தன் பையிலிருந்து ஒரு பழைய பால்பவுடர் டின்னை எடுத்துத் திறந்தாள். உள்ளே மாவைவிட மெல்லிய சாம்பல். வடக்குத்தில் அவள் எட்டு வருஷமாக வேலை பார்க்கிற பழனிவேல் மேஸ்திரியின் பெயிண்ட் பட்டறைக்குப் பின்னால், சாம்பலில் செங்கல் அறுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பலை அங்கே லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதிலிருந்து ஒரு சட்டி அள்ளி, பழைய வேட்டியில் இரண்டு தரம் சலித்து, தேங்காயெண்ணெயில் குழைத்தால் அதுதான் அவளுடைய பாலிஷ். காம்பவுண்டு டப்பாவை மேஸ்திரி காருக்கு மட்டும்தான் திறப்பார். டூவீலருக்கு வீரம்மா கை போதும் என்பார்.

அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முந்திரிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள், பட்டறைக்கு வந்து பேப்பர் தேய்க்கப் பழகினாள். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எண்ணெய் வழியவிட்டுப் போன பெட்ரோல் டேங்க், காலையில் ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் கம்பியில் தொங்கிக்கொண்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னும். முதல் தடவை அதை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது மேஸ்திரி சொன்னார், எண்ணெய் ராத்திரி முழுக்க ஊறவேண்டும், விடிந்தால்தான் பளபளப்பு ஏறும் என்று. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் பெயிண்ட் கன்னைப் பிடித்துப் பழகட்டுமா என்று கேட்டதற்கு, "இந்தக் கைக்கு கன்னு எதுக்கு வீரம்மா?" என்று சிரித்துவிட்டார்.

நாலரை மணிக்குப் பேனல் கறுகறுவென்று எண்ணெயில் மினுங்கியது. அருண்குமார் வந்து குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

"சூப்பரா வந்துடுச்சே. துடைச்சு எடுத்து மாட்டிடலாமா?"

"தொடாதீங்க சார். ராத்திரி ஊறணும். விடிஞ்சாத்தான் ஏறும். காலையில வந்து நானே கழுவித் தரேன்."

"டெலிவரி டைம் ஞாபகம் இருக்குல்ல?"

"எட்டுக்கெல்லாம் வந்துடுவேன் சார்."

அவன் கேட்டிருந்த விண்ணப்பத்தை அவள் பைக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஆதார் ஜெராக்ஸும், இ.எஸ்.ஐ.க்கு வேண்டிய குடும்ப போட்டோவும். அந்த போட்டோவுக்காகவே மந்தாரக்குப்பம் ஸ்டூடியோவுக்குப் போய் வந்திருந்தார்கள். அவளும் வைத்திலிங்கமும் நடுவில் மகள் தமிழ்நிலாவும். வைத்திலிங்கம் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, போட்டோக்காரர் சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அருண்குமார் எல்லாவற்றையும் சர்வீஸ் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது வைத்திலிங்கம் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். கணக்குப்படி நாலு இருக்கவேண்டும். ஏழு இருந்தது. அட்டைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் பாதியாக உடைத்த மாத்திரை ஒன்று.

"இன்னா மாமா இது? பாதிப் பாதியா முழுங்குறியா?"

அவன் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கார்டு நின்னுபோச்சுன்னா? கொஞ்ச நாளு தள்ளி வருமேன்னுதான்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சொன்னாரு."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "நாளையிலேருந்து முழுசாப் போடு. கார்டு வந்துடும். பேனலு நல்லா வந்துருக்குது" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "நெசமாவா?" என்றான். அவள் கையை விரித்துக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பும் சாம்பலும். அதைப் பார்த்து அவன் நம்பினான்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே அவள் தகரக் கூரையின் கீழ் நின்றாள். பேனல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து, துணியால் எண்ணெயை வழித்து, இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினாள். பேனல் மின்னியது. தகரக் கூரையின் ஓட்டையும் அதற்குள்ளே வெயிலும் அதில் தெரிந்தன. வீரம்மாள் நிம்மதியாக மூச்சுவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது பேனலின் ஓரம் வெளுத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் காயக் காய வெளுப்பு உள்ளே ஏறி வந்தது. ஐந்து நிமிஷத்தில் நேற்று மதியம் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட்டது. அவசரமாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி கறுத்து மின்னியது. காய்ந்தது, வெளுத்தது. மூன்றாவது தரமும் ஊற்றினாள். கறுப்பு வருவதும் போவதுமாக, பேனல் அவளோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரியில் யாராவது தொட்டிருப்பார்களா என்று வாட்ச்மேனைப் போய்க் கேட்டாள். அவர் பெருமாள் சத்தியமாக இல்லை என்றார். சாம்பல் வேறு குவியலிலிருந்து எடுத்ததோ என்று டின்னைத் திறந்து விரலில் தேய்த்துப் பார்த்தாள், அதே சாம்பல்தான். கடையில் எண்ணெயில் எதையாவது கலந்துவிட்டானா, இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா, ஐந்தரைக்கு வைக்க வேண்டியதை நாலரைக்கே வைத்தது தப்பா. கை அதே கை. எட்டு வருஷம் ஒருநாளும் ஏறாமல் இருந்ததில்லை. இன்றைக்குப் பார்த்து ஏன் என்று நினைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்பது மணிக்கு வேறு வழி தெரியாமல் பழனிவேலுக்குப் போன் போட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லி மூன்று நாள் லீவு எடுத்திருந்ததை மறைக்கவும் தோன்றவில்லை.

"மேஸ்திரி, வீரம்மா பேசுறேன்."

"சொல்லு. ஒடம்பு எப்டி இருக்குது?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல பேனலு ஒண்ணு தேச்சேன், பிளாஸ்டிக்கு. நம்ம சாம்பல்தான், நம்ம எண்ணெதான். ராத்திரி முச்சூடும் ஊறவெச்சேன். கழுவுனா வெளுத்துப் போவுது. இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல மேஸ்திரி."

அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"கிளியர் அடிச்சியா?" என்றார் பழனிவேல்.

"இன்னா கிளியரு?"

"பெயிண்ட் மேல கன்ல அடிப்போம் இல்ல, கண்ணாடியாட்டம். அது."

"அது புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டிக்குத்தானே? நான் தேச்சதுக்கு எதுக்கு?"

"நீ தேச்சதுக்கும் அடிக்கணும் வீரம்மா. இல்லன்னா பளபளப்பு எங்கேருந்து வரும்? பகல்ல அடிச்சா சாம்பத்தூசி வந்து ஒக்காந்துக்கும். அதான் நீ பஸ் ஏறிப் போன பொறவு, காத்து அடங்குனதும் கழுவிட்டு அடிச்சிடுவேன்."

வீரம்மாள் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டாள். "எட்டு வருசமாவா?"

"பின்ன?"

"ஊறணும்னு சொன்னீங்களே. விடிஞ்சா ஏறும்னு."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். உன் கையும் வேணும்தான். நீ ஒழுங்காத் தேய்க்கலன்னா கிளியர் நிக்காது." பிறகு அவரே கேட்டார். "எந்த ஷோரூமு?"

ஷோரூம் என்று அவள் சொல்லவே இல்லை.

"சரி, திங்கக்கெழம வந்துடு. ரெண்டு டேங்கு கெடக்குது" என்று வைத்துவிட்டார்.

அவர் தன்னை ஏமாற்றினாரா, இல்லை விளையாட்டாகச் சொன்னதைத் தான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியில் தொங்கிய டேங்குகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றைப் பற்றியும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். தமிழ்நிலாவைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள், இது அம்மா செய்தது என்று. இப்போது அவற்றில் எது அவளுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அருண்குமார் வந்தான். வெளுத்த பேனலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விடிஞ்சா ஏறும்னீங்களே."

"சார், அதுக்குக் கிளியர் அடிக்கணுமாம். எனக்கு இப்பத்தான் தெரியும். வடக்குத்துல கொண்டுபோய்க் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள—"

"சாயங்காலமா? கஸ்டமர் கிளம்பிட்டாரும்மா. காடாம்புலியூர்லேருந்து வந்துகிட்டு இருக்காங்க." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எட்டு வருஷ அனுபவம்னு சொன்னீங்க. நம்பித்தானே குடுத்தேன்?"

"ஆமா சார்" என்றாள்.

அவன் அலமாரியிலிருந்து டயருக்குப் போடுகிற பாலிஷ் பாட்டிலை எடுத்தான். ஸ்பாஞ்சில் ஊற்றி, பேனலில் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்தான். வெளுப்பு மறைந்தது. கறுப்பு, முகம் தெரிகிற கறுப்பு, தண்ணீர் பட்டபோது இருந்ததைவிட அழகாக வந்து நின்றது. வழிகிற பாட்டிலைப் பக்கத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பேனலை வண்டியில் மாட்டச் சொன்னான். அவள் ஒரு நாள் முழுக்கச் செய்ததை அவன் அரை நிமிஷத்தில் செய்துவிட்ட மாதிரி இருந்தது. இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்க நினைத்தாள்.

வந்தவர்கள் புருஷனும் பெண்சாதியும். சிவப்பிரகாசம் மைன்ஸில் பெர்மனென்டாக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவர். அவர் மனைவி கலியம்மாள் பட்டுப்புடவையும், தட்டில் சந்தனமும் குங்குமமும், நாலு எலுமிச்சம்பழமுமாக வந்திருந்தாள். ஷோரூம் பையன்கள் வண்டிக்கு மாலை போட்டார்கள். வீரம்மாளை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தான் அருண்குமார். தேங்காய் உடைத்ததும் சிதறலைப் பெருக்க ஆள் வேண்டும்.

கலியம்மாள் பேனலின் நடுவில் மூன்று சந்தனப் பொட்டு வைத்தாள். மூன்றாவது பொட்டு கோணலாகி வழிந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். துடைத்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. வெள்ளையா இருக்குது."

சிவப்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "புது வண்டிங்களா இது?"

"புதுசுதான் சார், பில்லு பாருங்க" என்றான் அருண்குமார். அவன் கண்கள் ஓரத்துக்குப் போய் வீரம்மாளிடம் நின்றன. "பிளாஸ்டிக்ல ஸ்பெஷல் பாலிஷ் குடுத்திருக்கோம் சார். அது உள்ள ஊறணும். ஒரு ராத்திரி போனா விடிஞ்சதும் ஏறிடும். இந்தம்மாதான் பண்ணாங்க. எட்டு வருஷ கை. நீங்களே கேளுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கலியம்மாள் முந்தானையைக் கையில் பிடித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தாள். தன்னைப்போல ஒருத்தி சொன்னால் நம்பலாம் என்கிற பார்வை அது. வீரம்மாளுக்குக் காகிதத்தில் கிடந்த பாதி மாத்திரை ஞாபகம் வந்தது.

"அப்டியாம்மா?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஊறணும்ங்க" என்றாள் வீரம்மாள். "விடிஞ்சா ஏறிடும்."

பழனிவேல் சொல்வாரே, அதே நிதானத்தில் சொன்னாள். குரல் எங்கும் தடுக்கவில்லை. அவர் தன்னிடம் சொன்னபோதும் இவ்வளவு சுலபமாகத்தான் வந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள். கலியம்மாள் அந்த வெளுப்பின்மேலேயே பெரியதாக ஒரு சந்தனப் பொட்டை வைத்து மூடினாள். பத்து இருபதுக்கு எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி ரோட்டில் இறங்கியது.

தேங்காய்ச் சிதறலைப் பெருக்கி அள்ளிவிட்டு அவள் அருண்குமாரிடம் போனாள்.

"சார், அந்த வேலை..."

"நாளைக்கு ஒன்பதுக்கு வந்துடுங்க. நாளை மறுநாளும். அவரு திரும்பி வந்தாருன்னா நீங்கதான் பேசணும், நீங்கதானே சொன்னீங்க. வரலைன்னா அப்புறம் பாக்கலாம்."

"கார்டு எப்ப சார் போடுவீங்க? இந்த மாசத்துக்குள்ள ஆனா—"

"அதுக்கு முதல்ல வேலைக்கு எடுக்கணும்ல? அதான் சொல்றேனே, பாக்கலாம்னு." போன் அடித்தது. அவன் பேசிக்கொண்டே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனான்.

வீரம்மாள் டின்னை எடுக்கப் பின்பக்கம் வந்தாள். சர்வீஸ் மேஜையில் அவளுடைய விண்ணப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே குடும்ப போட்டோ. போட்டோவின்மேல் டயர் பாலிஷ் பாட்டில். அவள் பாட்டிலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். வழிந்த பாலிஷ் வட்டமாக ஊறி, வைத்திலிங்கத்தின் முகத்தில் இறங்கியிருந்தது. முந்தானையைக் கொண்டுபோனவள் துடைக்காமல் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த முகம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.